சொல்ல வந்தவருக்கு முதல் காபி

கடலில் ஒரு மீன் செத்தால் கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு போன் வரும். இதைச் சொன்னால் மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டுக்காரர் உட்பட யாரும் நம்ப மாட்டார்கள். பி.காம் படித்துவிட்டு இப்படி ஒரு வேலையா என்று என் நாத்தனார் முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறாள். போன் இன்றைக்கும் வருகிறது. அப்போதெல்லாம் அந்த போனுக்குப் பக்கத்து அறையில் மேடம் இருந்தார்.

மேடம் என்றுதான் நாங்கள் கூப்பிட்டோம். கடற்கரைக் குப்பங்களில் அவருக்கு உழுவைம்மா என்று பெயர். சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், "என் பேர் எதுக்கு லதா, மீன் பேரை எழுது" என்று எங்கிருந்தாவது போன் பண்ணுவார்.

அந்த மீன்தான் உழுவை. பாதி திருக்கை, பாதி சுறா. தலைப்பக்கம் மண்வெட்டி மாதிரி தட்டையாக இருக்கும், வால்பக்கம் சுறாவின் துடுப்புகள் இருக்கும். முட்டையிடாது, குட்டி போடும், அதுவும் கொஞ்சமே கொஞ்சம். துடுப்புக்கு வெளிநாட்டில் இருந்த கிராக்கியில் பிடித்துப் பிடித்து, இப்போது பிடிக்கவே கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. பிடிக்கக் கூடாது என்று சட்டத்துக்குத் தெரியும், வலைக்குத் தெரியாது. அதனால் அவை எங்கே போகின்றன, எங்கே குட்டி போடுகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் மேடத்தின் வேலை. அந்த இடம் தெரிந்தால், அந்தச் சில மாதங்களுக்கு அங்கே மட்டும் வலை போடாதீர்கள் என்று மீனவர்களிடம் கேட்கலாம். தெரியாவிட்டால் கடல் பூராவையும் கேட்க வேண்டும். கடல் பூராவையும் யார் விட்டுத் தருவார்கள்.

கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு. ஆரஞ்சு நிறம், சின்னச் சுரைக்காய் அளவு, உச்சியில் ஒரு கம்பி. வலையில் உயிரோடு சிக்குகிற உழுவையின் துடுப்பில் அதை மெல்லிய கயிற்றால் கட்டிக் கடலில் விட்டுவிடுவார்கள். மீன் ஆழத்தில் இருக்கும்வரை கருவி வாயைத் திறக்காது. ஆழம் குறைந்த கரையோரத்துக்கு மீன் வந்தால் கருவி மிதந்து தண்ணீருக்கு மேலே தலையை நீட்டும், நீட்டினதும் தான் இருக்கும் இடத்தைச் சாட்டிலைட்டுக்குச் சொல்லும். சினையாக இருக்கும் உழுவை குட்டி போடத்தான் கரையோரத்தில் நாள்கணக்கில் தங்கும் என்பது மேடத்தின் கணிப்பு. மீனவர்கள் அந்தக் கருவிக்குச் சுரைக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சுரைக்காவின் வயிற்றில் என் போன் நம்பர் அச்சடித்திருக்கும்.

"அலோ, சுரைக்கா ஆபீசா? ஒண்ணு வலையில வந்துச்சு. மீனு பூட்ச்சு" என்பார்கள். பிறகு சத்தமே இருக்காது. எங்கே திட்டப் போகிறேனோ, எந்த ஸ்டேஷனுக்குக் கூப்பிடப் போகிறேனோ என்று மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும்.

நான் திட்டுகிற ஜாதிதான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த முதல் போனுக்கு, "ஐயோ, எப்படிங்க செத்துச்சு, பார்த்து எடுத்திருக்கக் கூடாதா?" என்று ஆரம்பித்தேன். மேடம் தன் அறையிலிருந்து எழுந்து வந்து போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, "அண்ணா, ரொம்ப நன்றிண்ணா. நேர்ல வர முடியுமா? வந்தா நல்ல ஃபில்டர் காபி உண்டு" என்றார். மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பைத்தியக்கார ஆபீசில் மாட்டிக்கொண்டோமோ என்று இருந்தது.

அந்த அண்ணன் மறுநாள் பஸ் மாறி மாறி சேலையூர் வரை வந்தார், மஞ்சப்பையில் சுரைக்காவோடு. வந்ததும் வராததுமாக விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மொதல்ல காபி. செய்தி எங்கயும் ஓடிடாது."

இதுதான் அவர். அவரைப் பற்றி எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து நிற்கும். கெட்ட செய்தி கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் முதல் டம்ளர் அவருக்கு. பாதி டம்ளர் காலியாகும்வரை பேசக்கூடாது. பேச ஆரம்பித்த பிறகு மேடம் எங்கே, எப்போ என்று மட்டும் கேட்பார். ஏன் என்ற கேள்வி அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஒருநாள் நானே அவரிடம், "ஏன் மேடம் யாரையும் ஏன்னு கேக்க மாட்டேங்கறீங்க?" என்றேன்.

"ஏன்னு கேட்டா, அடுத்த தடவ சுரைக்காவ கடல்ல தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. செத்த மீன் வந்து நம்மகிட்ட சொல்லாது லதா. பிடிச்சவங்கதான் சொல்லணும்."

இது வேலைக்காகப் பழகிய சாமர்த்தியம் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஹவுஸ் ஓனர் விஷயம் வந்தது. எங்கள் ஆபீஸ் வாடகைக்கு இருந்த மாடியின் சொந்தக்காரர், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், படியேறி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேடத்துக்கும் தெரிந்தது. காபி கொடுத்தார். மனுஷர் குடித்துவிட்டு, குரோட்டன்ஸ் செடி நன்றாக வளர்ந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மறு வாரமும் வந்தார், காபி குடித்தார், தண்ணீர் லாரி பற்றிப் பேசிவிட்டுப் போனார். அதற்கடுத்த முறைதான், மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், மாடி வேண்டும் என்று சொல்ல முடிந்தது. சொன்னவரே ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், கேம்ப் ரோடு என்று எங்களோடு வெயிலில் அலைந்து பக்கத்துத் தெருவில் வேறு மாடி பார்த்துக் கொடுத்தார். நானாக இருந்தால் முதல் நாளே அக்ரிமெண்ட்டை எடுத்து நீட்டிச் சண்டை போட்டிருப்பேன்.

ஆனால் அவருடைய இந்தக் குணம் எனக்கு எப்போதும் இதமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவருடைய அம்மா குரோம்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒருநாள் காலை நான் டிபன் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஐ.சி.யு. கதவைத் திறந்துகொண்டு ஒரு சின்ன வயது டாக்டர் பெண் வந்தாள். மேடத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வரவில்லை, கையிலிருந்த பேனாவை மூடி மூடித் திறந்தாள். மேடம் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க டாக்டர். நேத்துலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி ஃபிளாஸ்கைக் காட்டினார். டாக்டர் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அதற்குப் பிறகுதான் அம்மா போய்விட்டார் என்று சொன்னாள்.

மேடத்தின் அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது. அம்மா போன சேதி வருது, காபி ஊத்திக்கிட்டு நிக்கறா" என்று சாவு வீட்டில் எல்லோரிடமும் சொன்னார். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் பட்டது. பெரிய காரியம் எல்லாம் முடிந்து ஆபீஸ் வந்த நாளில் மேடம் ஃபில்டரைக் கழுவிக்கொண்டு சிங்க் பக்கம் நின்றார். கழுவின ஃபில்டரையே திரும்பத் திரும்பக் கழுவினார். அப்புறம் நான் அப்படி நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கெட்ட செய்திக்கு இவ்வளவு ஒழுங்கு வைத்திருந்தவருக்கு நல்ல செய்தியை என்ன செய்வதென்று தெரியாது. பழக்கமில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆபீசுக்கு நல்ல செய்தியே வந்ததில்லை. வந்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அது ஒரு பெரிய பெண் உழுவை. வயிற்றில் குட்டி. வலையில் உயிரோடு சிக்கியதாகச் சேதி வந்து மேடமே படகில் போய்ச் சுரைக்கா கட்டிவிட்டு வந்தார். படகு ஏறினால் மேடத்துக்கு வாந்தி நிற்காது, கடல் ஆராய்ச்சிக்காரருக்கு அது ஒரு கேவலம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கட்டிவிட்ட பிறகு கொஞ்ச நாள் சத்தமில்லை. பிறகு ஒருநாள் சிக்னல் வர ஆரம்பித்தது. எப்படி வந்தது தெரியுமா, காலை, மாலை, மணிக்கு மணி, சுத்தமாக. அதற்கு முன் எந்த மீனும் அப்படிப் பேசினதில்லை. கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஈ.சி.ஆர். ஓரம், ஒரு குப்பத்துக்கு நேர் எதிரே, கரையை ஒட்டிய தண்ணீரில் புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. மீன் அங்கேயே தங்கிவிட்டது. கரையோரம், ஆழமில்லாத தண்ணீர், இத்தனை நாள். வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்.

மேடம் நாற்காலியில் உட்காரவே இல்லை. வரைபடத்தைப் பார்ப்பார், ஜன்னலுக்குப் போவார், திரும்ப வந்து பார்ப்பார். அன்றைக்கு யாருக்கும் காபி போடச் சொல்லவில்லை.

அந்தக் குப்பத்தின் பெயர் வேண்டாம். மீனவர்கள் வலை பின்னுகிற வலைக்கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து மேடம் கேட்டார். உங்கள் ஊருக்கு எதிரே ஒரு தாய் உழுவை குட்டி போட வந்திருக்கிறது, இந்த சீசன் முடியும்வரை அந்தத் தண்ணியில் மட்டும் வலை போடாமல் இருக்க முடியுமா என்று. கவர்மெண்ட் ஆர்டர் எதுவும் கிடையாது, வெறும் வேண்டுகோள்தான். நல்ல மீன் படுகிற காலம், வாசலுக்கு எதிரே இருக்கிற தண்ணி. அப்போது சேகர் என்று ஒருவர் எழுந்தார். நாற்பது வயது இருக்கும், சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருந்தார்.

"வுட்டுடலாம்பா. ஒரு சீசன்தானே. மேடம் இன்னா அவங்களுக்கா கேக்குறாங்க. புள்ளத்தாச்சி மீனுப்பா அது."

ஒருவர் மறுத்தார், இன்னொருவர் முணுமுணுத்தார். சேகர் விடவில்லை, ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினார். கடைசியில் ஊர் ஒத்துக்கொண்டது. திரும்பி வரும்போது மேடம் சோழிங்கநல்லூர் சிக்னல் வரை சேகரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இப்படிப் பத்துப் பேர் இருந்தால் போதும் லதா என்றார். குப்பம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அந்த சீசன் பூராவும் வாசல் தண்ணியை விட்டுவிட்டு டீசல் செலவழித்துத் தூரமாகப் போய் வலை போட்டார்கள்.

சீசன் முடியும் தறுவாயில் எல்லம்மா வந்தார். எங்கள் தெருவில் அன்னக்கூடையில் மீன் கொண்டுவந்து விற்கிற அம்மாள், தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் வீடு. தினமும் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போவார். கேட்டில் சுரைக்காவின் படத்தைப் போட்டு, "கிடைத்தால் கொண்டுவாருங்கள், யார் பிடித்தார்கள் என்று கேட்க மாட்டோம்" என்று மேடம் ஒரு நோட்டீஸ் ஒட்டிவைத்திருந்தார். அன்றைக்கு எல்லம்மா கூடையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு மாடியேறி வந்தார். முந்தானைக்குள் எதையோ மறைத்திருந்தார்.

"இங்க ஒரு மேடம் செத்த மீனுக்கும் காப்பி குடுக்கும்னு பால்காரம்மா சொல்லிச்சு. நெசமா?"

"உட்காருங்கம்மா" என்றேன். டிகாக்ஷன் அப்போதுதான் இறங்கியிருந்தது.

எல்லம்மா பாதி டம்ளர் குடித்துவிட்டு முந்தானையை விலக்கினார். ஆரஞ்சு நிறம் வெயிலில் வெளுத்துப்போன சுரைக்கா. வயிற்றில் என் நம்பர்.

"கரையில மீன் எடுக்கறப்போ துண்டு போட்ட மீனோட கூடையில வந்துட்ச்சு. இன்னாதுன்னு தெரியல. நம்பர் இருக்குதே, போலீசு கீலீசுன்னு பேஜாராயிடும்னு யாராண்டயும் சொல்லல. மாடியில கருவாடு காயப்போடறேன்ல, அங்க கம்பியில கட்டி வுட்டேன். காத்துல ஆடிக்கினே இருக்கும், காக்கா கிட்ட வராது. உங்க கேட்டுல படத்தப் பாத்ததுலேர்ந்து மனசு கேக்கல."

"எத்தனை நாளா உங்க மாடியில இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"அது கீதும்மா. இந்த சீசன் பூரா."

மேடம் கருவியைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். அந்தப் பெரிய பெண் உழுவைக்குக் கட்டினது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது சீசன் பூரா இரும்புலியூர் மொட்டைமாடியில் கருவாட்டுக்குக் காவல் இருந்தது என்றால், கடலில் புள்ளி புள்ளியாக விழுந்தது எது?

எல்லம்மாவை நன்றி சொல்லி அனுப்பிவிட்டு மேடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சாட்டிலைட் சொல்லுகிற இடம் அச்சு அசலாக இருக்காது, கொஞ்சம் முன்னே பின்னே விழும். கரையோரத்து மீனின் புள்ளி சில சமயம் ரோட்டின் மேல் விழும். மீன் தரையில் இருக்காதே, அதனால் நிலத்தில் விழுகிற புள்ளி எதுவானாலும் பக்கத்துக் கடலில் நகர்த்தி வை என்று கம்ப்யூட்டருக்கு ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். எவ்வளவு தூரம் வரை நகர்த்தலாம் என்று எழுதவில்லை. ஒரு கிலோமீட்டர் பிசகுக்கு எழுதின விதி, இரும்புலியூரையும் கேள்வி கேட்காமல் அப்படியே கிழக்கே தூக்கிக் கடலில் வைத்துவிட்டது. அது விழுந்த இடம்தான் அந்தக் குப்பத்தின் வாசல். தண்ணீரே படாத கருவி, வானம் பார்த்த மாடி, சிக்னல் சுத்தமாக வராமல் என்ன செய்யும். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த மீன், ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் கருவாட்டுக்கு மேல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

"இந்த விதிய யார் மேடம் எழுதினது?"

"நான்தான்."

அவ்வளவுதான் சொன்னார். நான் எழுந்து போய் டிகாக்ஷன் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். தொடவில்லை.

இதைக் குப்பத்தில் சொல்லாமல் விட்டிருக்கலாம். சீசன் முடிந்தது, நன்றி என்று ஒரு போன் போதும். கருவியை எல்லம்மா கொண்டுவந்தது எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் அதைத்தான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கரையில் இனி ஒருத்தரும் நம்மை நம்ப மாட்டார்கள், சுரைக்காவைக் கண்டால் கடலில் வீசுவார்கள், இத்தனை வருட உழைப்பும் போய்விடும் என்றேன். மேடத்துக்கு அந்தப் பயம் என்னைவிட அதிகமாக இருந்தது. ஆனாலும் கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

"கெட்ட செய்திய மறைக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் காபி ஊத்திட்டு, நானே மறைச்சா எப்படி லதா?"

வலைக்கூடத்தில் நின்றுகொண்டே சொன்னார். மீன் எப்போதோ செத்துவிட்டது. நான் காட்டின இடம் தப்பு. கம்ப்யூட்டருக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது நான். நீங்கள் விட்டுக்கொடுத்த தண்ணியில் உழுவையே இல்லை. என்னை மன்னிக்க வேண்டும். கருவியைக் கொண்டுவந்தது யார் என்று சொல்லவில்லை. மீனைப் பிடித்தது யார் என்று கேட்கவும் இல்லை.

இந்த இடத்தில் யாராவது எழுந்து மேடத்துக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று எழுத எனக்கு ஆசை. யாரும் கொடுக்கவில்லை.

"அப்போ எங்க சீசன் போனது போனதா?" என்றார் ஒருவர். "படிச்சவங்க வந்து சொன்னா நம்புறது எங்க தப்புதான்" என்றார் இன்னொருவர். ஓர் அம்மாள், "இன்னொரு தபா இந்தப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எல்லாம் நியாயமான கோபம். மேடம் ஒவ்வொன்றையும் நின்று கேட்டார். சேகர் மட்டும் ஒரு மூலையில் தலையைக் குனிந்து வலைக்கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். போன தடவை எல்லோரையும் வாதாடி ஒத்துக்கொள்ளவைத்த மனுஷர், இன்றைக்கு நமக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டு நாள் கழித்து சேகர் வந்தார். மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வராமல் நின்றார். நான் டம்ளரை எடுத்து வைத்தேன். மேடம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். காபி பாதி ஆனது.

"அந்த மீனு என் வலையிலதான் மேடம் வந்துச்சு."

அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கறப்பவே உசுரு இல்ல. சுரைக்கா இருக்குது. மாட்டினா ஜெயில்னு பயந்து கரையிலயே துண்டு போட்டுட்டோம். வயித்துல குட்டிங்க மேடம். நெறைய. என் சம்சாரந்தான் பாத்துச்சு. ரெண்டு நாளு சோறு எறங்கல இதுக்கு. அப்பால நீங்க வந்து, மீனு உசுரோட கீது, உங்க வாசல்லதான் குட்டி போடுதுன்னு சொன்னீங்களே. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. ஒருவேள வேற மீனோ இன்னாவோன்னு நெனச்சுக்கினேன். எப்டியோ கொஞ்சம் தண்ணிய வுட்டா செஞ்ச பாவம் கொறயும்னுதான் எல்லாராண்டயும் பேசினேன். முந்தாநேத்து நீங்க அவ்ளோ பேருக்கு முன்னாடி நின்னு தப்பு என்னுதுன்னு சொல்லச்சொல்ல, நான் அங்க குந்திக்கினு இருந்தேன் பாருங்க..."

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே ஒரு சீசனை இழந்திருக்காது, மேடம் அத்தனை பேச்சுக் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஏன் சொல்லவில்லை, ஏன், ஏன் என்று என் வாய் துடித்தது. மேடத்தைப் பார்த்தேன்.

"எங்கண்ணா பிடிச்சீங்க?" என்று கேட்டார் மேடம்.

சேகர் நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் மேடத்தின் முகத்தையே பார்த்தார், இவ்வளவுதானா கேள்வி என்பதுபோல. பிறகு சொன்னார். வாசல் தண்ணியில் இல்லை, தெற்கே, முட்டுக்காட்டு முகத்துவாரத்துக்கு வெளியே, மணல் திட்டு இருக்கிற இடத்தில். அங்கேதான் இந்தக் காலத்தில் உழுவை அடிக்கடி வலையில் வரும். சின்னச் சின்னக் குட்டிகளும் வரும். பிடிக்கக்கூடாத மீன் என்று ஆனதிலிருந்து யாரும் வெளியே சொல்வதில்லை, அப்படியே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவர் மனைவி முதல்முறையாக வாயைத் திறந்து, "எங்கண்ணன் வலையிலயும் ரெண்டு சுரைக்கா வந்துச்சு மேடம். பரண்ல கீது" என்றார்.

மேடம் இத்தனை வருடமாகத் தேடின இடம் அது. சாட்டிலைட் சொல்லாததை இரண்டு பேர் ஒரு டம்ளர் காபியோடு சொல்லிவிட்டார்கள். பரண் மேலிருந்த சுரைக்காக்களும் வந்தன. அவற்றின் பழைய சிக்னல்களை, அந்த விதியை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, அவையும் வாய் மூடுவதற்கு முன் ஓரிரு முறை முகத்துவாரத்துக்கு வெளியேதான் பேசியிருந்தன, நாங்கள்தான் அப்போது கவனிக்கவில்லை. நிலத்தில் விழுகிற புள்ளியை இனி நகர்த்தக்கூடாது, அது யார் வீடு என்று போய்ப் பார்க்க வேண்டும் என்று மேடம் புது விதி எழுதினார்.

அடுத்த கூட்டத்தில் மேடம் பேசவில்லை. சேகர் எழுந்து, மீனைப் பிடித்தது நான்தான் என்று தன் வாயால் சொன்னார். வசவு விழுந்தது, வேண்டியமட்டும் விழுந்தது. ஆனால் முகத்துவாரத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவரவரும் ஒரு குட்டியையாவது தூக்கிப் போட்டிருந்தார்கள். குட்டி போடுகிற மாதங்களில் அந்த மணல் திட்டை விட்டுவிடுவதென்று அவர்களே முடிவு செய்தார்கள். வாசல் தண்ணி திரும்ப அவர்களுக்கு.

மேடத்தால் நான் பெற்றது என்ன என்று கேட்டால் சம்பளத்தைச் சொல்ல மாட்டேன். என் மகள் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டில் யாரும் என்னிடம் எதையும் சொல்லமாட்டார்கள், அது ஏன் என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், "அம்மா, கத்தாதே, ஒண்ணு சொல்லணும்" என்று வந்து நின்றாள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறினதோடு சமையலறைக்குள் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். பால் பொங்குவதற்குள் கோபம் இறங்கிவிட்டது. அவள் பாதி டம்ளர் குடித்துவிட்டுச் சொன்னாள், படிப்பு ஏறவில்லை, அரியர் நிறைய, மாதக்கணக்காகக் காலேஜுக்கே போகவில்லை, சில நாள் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தேன், ரயில் வரும்போதெல்லாம் பயமாக இருந்தது என்று. அவள் என்னிடம் சொல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றுவரை முழுசாக நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது அவள் வேறு படிப்பு முடித்து வேலைக்குப் போகிறாள், என்னிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள், சில சமயம் தேவைக்கு மேலேயே சொல்கிறாள். அந்த நன்றியை மேடத்திடம் நேரில் சொன்னபோது, பால் பொங்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டார்.

மேடம் பிறகு வேறு கரைக்கு, வேறு மீனைத் தேடிப் போய்விட்டார். போகும்போது ஃபில்டரை எனக்கு விட்டுப் போனார். போன் என்னிடம் இருக்கிறது. போனில் மூச்சு மட்டும் கேட்டால், "நேர்ல வாங்கண்ணா, காபி சாப்பிடலாம்" என்று நானே சொல்லிவிடுகிறேன்.

போன சீசனில் சேகர் கூப்பிட்டார். என்னவோ ஏதோ என்று எடுத்தேன்.

"லதாக்கா, மொகத்துவாரத்துல குட்டிங்க. இம்மாந்தூண்டு. தண்ணி தெளிவா இருக்குது, மணல்ல படுத்துக்கினு கீதுங்க, கண்ணாலயே பாத்தேன். ஒண்ணு கரவலயில ஏறிச்சு, எங்க பசங்களே எடுத்து வுட்டுட்டானுங்க. நீஞ்சிக்கினு போச்சு."

நான் போனை வைத்தேன். இப்படி ஒரு செய்திக்கு எங்கள் ஆபீசில் வழக்கமே கிடையாது. மேடத்துக்கு போன் போட்டேன். சேகர் சொன்னதைச் சொன்னேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது, அந்த மீனவர்களின் போனில் கேட்குமே, அதேபோல.

"மேடம், நல்ல செய்தி வந்தா யாருக்கு முதல் காபி?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு டம்ளர் போடு லதா" என்றார். "என்னோடதையும் நீயே குடிச்சிடு."

போட்டேன். இரண்டையும் மேஜையில் எதிரெதிரே வைத்தேன். அவருடையதை முதலில் குடித்தேன்.